அம்மணி கூப்பிடும் குரல்

மே 7

மாலை 4:52க்குப் போன் வந்தது. எங்கள் சோதனைக்கூடத்தில் ஏதாவது பழுதானால் முதலில் நேரத்தை எழுத வேண்டும், காரணத்தைப் பிறகு எழுதலாம். அதனால் நேரத்தை எழுதிவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் பேசினார். சுகந்தியின் கணவரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உட்கார்ந்திருக்கிறீர்களா என்று கேட்டார். நின்றுகொண்டிருந்தேன், ஆனால் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னேன். நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வரிசையில் நின்றவள் அப்படியே சரிந்திருக்கிறாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து சேரும்போது எதுவும் மிச்சமில்லை. அவள் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார். பாதியில் தவறிப்போய் மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

காரணத்தையும் எழுதிவிட்டேன்.

மே 8

அடுப்படியில் இட்லிக்கு அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது. உளுந்து தனியாக ஒரு கிண்ணத்தில். என்ன செய்வதென்று தெரியவில்லை. தண்ணீரை மட்டும் மாற்றி வைத்தேன்.

மே 11

இன்று தகனம். சுகந்தியின் அண்ணன் தரணி டாலஸிலிருந்து வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். இங்கே கொள்ளி கிடையாது, ஒரு பட்டன் இருக்கிறது. யார் அழுத்துவது என்று அங்கிருந்தவர் கேட்டார். நான் அழுத்தினேன். பச்சை நிறம். அழுத்தினால் தெளிவாக ஒரு க்ளிக். நல்ல ஸ்விட்ச்.

என் விசா புதுப்பிப்பு பாதியில் நிற்கிறது. இப்போது இந்தியா போனால் திரும்பி வர எத்தனை மாதம் ஆகும் என்று சொல்ல முடியாது என்றார் வக்கீல். அதனால் அஸ்தியைத் தரணி பொள்ளாச்சிக்கு எடுத்துப்போகிறார். ஆழியாற்றில் கரைப்பார்கள். போக வேண்டாம் என்று முதலில் சொன்னது சுகந்தியின் அம்மா, அத்தைதான். "இருக்கறதையும் விட்டுட்டு வந்து இங்க என்னுங்க பண்ணப் போறீங்க" என்றார்.

காரை எடுக்கும்போது தாசில்தார் வழியை மறித்து நின்றது. தாசில்தார் என்பது இந்தத் தெருவில் திரியும் காட்டு வான்கோழிகளில் ஆண். நெஞ்சை நிமிர்த்தி, வாலை விசிறிக்கொண்டு, யாருக்கும் வழி விடாது. பெயர் வைத்தது சுகந்தி. தரணி ஹாரன் அடித்தார், நகரவில்லை.

"இதுக்கு ஏதாச்சும் குடுத்தாத்தான் ஃபைல் நகரும் போல மாப்ள" என்றார். சொன்ன பிறகு ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். தாசில்தார் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனது.

மே 13

அத்தை கூப்பிட்டார். காரியம் முடிகிற வரைக்கும் தினமும் ஒரு கை சோறு காக்கைக்கு வைக்கச் சொன்னார். சரி என்றேன்.

குக்கரில் வைத்து, ஆறவைத்து, ஓர் அட்டைத் தட்டில் போட்டு, அடுப்படி ஜன்னலுக்கு வெளியே புல்லில் வைத்தேன். காக்கை இங்கேயும் உண்டு. இரண்டு வந்து மேப்பிள் மரத்தில் உட்கார்ந்து பார்த்தன. இறங்கவில்லை. தாசில்தாரும் நாலைந்து பெட்டைகளும் வேலிப்பக்கத்திலிருந்து நடந்து வந்தன. தின்பதற்கு முன்னால் ஒரு பெட்டை தட்டைச் சுற்றி வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் மற்றதெல்லாம். தட்டை நடுவில் வைத்து ஒரு சுற்று. அப்புறம் தின்றன. தட்டையும் கொஞ்சம் தின்றன.

"காக்கா எடுத்துச்சுங்ளா?"

"எடுத்துருச்சு அத்தை."

"நல்லதுங்க" என்றார். மூச்சு விட்டது கேட்டது.

மே 14

சாப்பிட்டேனா என்று அத்தை கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். காக்கா எடுத்ததா என்றார். எடுத்தது என்றேன்.

மே 16

ஆபீஸ் போனேன். காது கேட்கும் கருவிகள் செய்கிற கம்பெனி. இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரித்தெடுப்பது என் வேலை. எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். என் மேஜைக்கு வந்ததும் இன்னும் மெதுவாக. அதையெல்லாம் பெருக்கிக் கேட்கிற கருவிதான் நாங்கள் செய்வது.

சுகந்திக்கு இங்கே வேலை பார்க்க அனுமதி இல்லை. அவளுடைய விசா அப்படி. முதல் வருடம் கோலம் போட்டாள், கேக் செய்தாள், சண்டை போட்டாள். இரண்டாம் வருடம் வான்கோழிகள் வந்தன. அதற்குப் பிறகு சண்டை குறைந்தது. எப்போதும் ஜன்னலில் இருப்பாள். இதுகளுக்கு ஏகப்பட்ட சத்தம் இருக்கிறது என்று நான் ஷூவைக் கழற்றும்போதே ஆரம்பிப்பாள். மேய்கிறபோது சும்மா மெதுவாகக் கொக்கரிப்பது, நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே இருக்கிறாய் என்று. பருந்தைப் பார்த்தால் ஒற்றைச் சத்தம், எல்லாம் அப்படியே கல்லாகிவிடும். நாயைப் பார்த்தால் வேறு சத்தம், அதற்கு ஓட வேண்டும். குஞ்சு வழி தவறினால் விசில் மாதிரி கீ, கீ என்று அழும். அதற்குத் தாய் பதில் சொல்கிற குரல் தனி. அதை அவள் வாயாலேயே செய்து காட்டுவாள்.

அவளுக்குப் பிடித்த பெட்டைக்கு அம்மணி என்று பெயர். அத்தை சுகந்தியை அப்படித்தான் கூப்பிடுவார். ஏப்ரலில் அம்மணி எங்கள் அடுப்படி ஜன்னலுக்குக் கீழே இருக்கும் புதருக்குள் முட்டையிட ஆரம்பித்தது. இப்போது அடைகாக்கிறது. ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தால் முதுகு தெரியும். காய்ந்த இலை மாதிரி இருக்கும். தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

சோற்றுக்கு மற்றதெல்லாம் வருகிறது. அம்மணி வருவதில்லை.

மே 18

அத்தை ஒன்று கேட்டார். சுகந்தி குரல் ஏதாவது என்னிடம் இருக்கிறதா என்று. அவருடைய பழைய போன் தண்ணீரில் விழுந்து எல்லாம் போய்விட்டதாம். தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

வாட்ஸப்பில் மேலே மேலே போனேன். போன ஜூனில் அனுப்பிய ஒன்று இருந்தது. நான் இன்னும் கேட்கவில்லை என்று காட்டும் மைக் பச்சையாகவே இருந்தது. இன்று நீலமானது.

"ஏனுங்க, அந்தக் குக்கரை அமத்துங்க, சத்தம் வருது." பிறகு கொஞ்சம் காற்று. பிறகு அந்தக் கூப்பாடு, அவள் வாயால். க்யோ, க்யோ, க்யோ, க்யோ. நிறுத்தி மறுபடியும். தூரத்தில் குஞ்சுகள் கீச்சென்று வருகிற சத்தம். அவள் சிரிப்பு. "பாருங்க, வருது, வருது. என்னையவே அம்மான்னு நெனச்சிருச்சு. கேட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லோணும், என்ன?"

அத்தைக்கு இன்னும் அனுப்பவில்லை. முதலில் இரைச்சலைச் சுத்தம் செய்ய வேண்டும்.

மே 20

ஆபீஸில் அந்த ஒலியை அலைப்படமாகப் போட்டுப் பார்த்தேன். இணையத்தில் கிடைத்த நிஜப் பெட்டையின் குரலைப் பக்கத்தில் வைத்தேன். சுருதி ஏறக்குறைய சரி. இடைவெளி சரி. ஒவ்வொரு வரிசைக்கும் கடைசியில் மட்டும் இவளுக்கு மூச்சு வாங்குகிறது. அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெட்டிவிட்டால் சுத்தமாகிவிடும்.

வெட்டவில்லை. பழையபடி விட்டுவிட்டேன்.

மே 22

காரியம். அவர்கள் பொள்ளாச்சியில் செய்தார்கள், நான் போனில் பார்த்தேன். ஐயர் சொல்லச் சொன்னதை அரை நொடி தாமதமாகச் சொன்னேன். படையலில் மைசூர்பாக்கு வைத்திருந்தார்கள். அவளுக்கு அது பிடிக்காது. நான் சொல்லவில்லை.

சாயங்காலம் மேல்மாடி மெடெய்ரோஸ் அம்மா சூப் கொண்டு வந்தார். வீட்டுச் சொந்தக்காரர், போர்ச்சுகல்காரர். தாசில்தார் அவர் கார்க் கதவில் தன் பிம்பத்தைப் பார்த்து வேறு ஆண் என்று நினைத்து ஒரு வாரமாகச் சண்டை போடுகிறதாம். துடைப்பத்தால் விரட்டினால் துடைப்பத்தோடும் சண்டையாம். இதுதான் புத்திசாலிப் பறவை என்று உன் மனைவி சொன்னாள், என்னிடம் வாதாடினாள் என்றார். அவளைப் போல வாதாடுகிறவன் என் ஐந்து மகன்களில் ஒருவன்கூட இல்லை என்றும் சொன்னார். பிறகு என் சமையலறையைப் பார்த்துவிட்டு, சூப்பை அவரே சுடவைத்து, நான் குடிக்கிற வரைக்கும் நின்றார்.

காரியம் முடிந்துவிட்டது. இனிமேல் சோறு வைக்க வேண்டியதில்லை.

மே 23

சோறு வைத்தேன்.

மே 25

அந்தப் பதிவை ஜன்னல் ஓரத்தில் போனை வைத்துத்தான் கேட்கிறேன். வீட்டில் அந்த இடத்தில்தான் எதிரொலி குறைவு. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் ஒரு தடவை. இது ஒரு சோதனை என்று வைத்துக்கொள்ளலாம். அம்மணி தலையைத் திருப்புகிறது. கழுத்தை நீட்டிக் கேட்கிறது. முட்டையை விட்டு எழுந்திருக்கவில்லை.

மே 28

ஒரு தடவை என்று போன முறை எழுதியிருக்கிறேன். சில நாள் கூடுதலாகவும் இருக்கும்.

மே 31

அம்மணி பேச ஆரம்பித்துவிட்டது. காலையில் பாத்திரம் கழுவும்போது கேட்டேன். இதுவரை அது இப்படிச் சத்தம் போட்டதில்லை. தொண்டைக்குள்ளேயே உருட்டுகிற மாதிரி, மெதுவாக, விட்டு விட்டு. குழாயை மூடிவிட்டுக் கேட்டேன். முட்டைக்குள்ளிருந்து பதில் வருகிறது. ஓட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு கீச் என்கிறது. இது பேச, அது பதில் சொல்ல.

சுகந்தி சொல்லியிருக்கிறாள். வெளியே வருவதற்கு முன்னாலேயே குஞ்சு குரலைப் படித்துவிடும், பிறகு ஆயிரம் குரல் கேட்டாலும் அதற்குத்தான் ஓடும் என்று. அப்போது நான் லேப்டாப்பில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் நினைவில் நிற்கிறது.

ஜூன் 2

ஒன்பது குஞ்சு. மஞ்சளும் பழுப்பும். தலையில் கோடு. மத்தியானத்துக்குள் அம்மணி எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு புதரை விட்டு வெளியே வந்துவிட்டது. அத்தையிடம் சொன்னேன். காக்கையைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டார். குஞ்சு என்ன தின்னும், எங்கே தூங்கும், பூனை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இந்தச் சில வாரங்களில் நாங்கள் இவ்வளவு நேரம் பேசியதில்லை.

கடைசியில் கேட்டார். "அவ குரல் கெடச்சுதுங்ளா?"

"இன்னும் பாத்துட்டு இருக்கேன் அத்தை."

"பரவால்லீங்க. மெதுவாப் பாருங்க" என்றார்.

ஜூன் 4

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

சாயங்காலம் பதிவைப் போட்டேன். குஞ்சுகள் அம்மணியோடு வேலியோரத்தில் இருந்தன. அவள் குரல் ஆரம்பித்ததும் ஒன்பதும் தலையைத் தூக்கின. க்யோ, க்யோ என்றதும் ஓடி வந்தன. புல்லில் விழுந்து எழுந்து ஓடி வந்தன. ஜன்னலுக்குக் கீழே சுவரோரம் நின்று அண்ணாந்து பார்த்து எல்லாம் ஒரே நேரத்தில் கீச்சிட்டன. அவளுக்குப் பதில் சொல்லின.

இரண்டு வாரமாக ஓட்டுக்குள் இருந்தபடி அவளைத்தான் கேட்டிருக்கின்றன. அம்மணி குரலையும் கேட்டன, இதையும் கேட்டன. அதுகளைப் பொறுத்தவரை இரண்டும் உயிரோடு இருக்கின்றன.

நான் ஜன்னலில் நின்று சிரித்தேன் என்று நினைக்கிறேன். மாடியில் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. மெடெய்ரோஸ் அம்மா எட்டிப் பார்த்திருப்பார்.

ஜூன் 5

மறுபடி போட்டேன். மறுபடி வந்தன. அம்மணி பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. அது வீட்டுச் சுவரருகே வருவதில்லை, குஞ்சோடு இருக்கும்போது வரவே வராது. அங்கிருந்தே கூப்பிட்டது. நான் போனை நிறுத்திய பிறகுதான் குஞ்சுகள் திரும்பிப் போயின.

மேலேயிருந்து மெடெய்ரோஸ் அம்மா கேட்டார்: "அதுகள் அம்மா அங்கே நிற்கிறது. இதுகள் ஏன் உன் ஜன்னலுக்கு வருகின்றன?"

சோறு வைக்கிறேன் இல்லையா, அதனால் என்றேன்.

ஜூன் 6

காலையிலிருந்து குளிர் மழை. ஜூன் மாதம் மாதிரியே இல்லை. ஹீட்டர் போட்டேன். அம்மணி ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரத்தடியில் சிறகை விரித்து உட்கார்ந்திருந்தது. குஞ்சு ஒன்றும் வெளியே தெரியவில்லை. எல்லாம் அடியில்.

ஆறு மணிக்குப் பதிவைப் போட்டேன். ஜன்னல் மூடித்தான் இருந்தது. கொஞ்சம்தான் திறந்தேன்.

குஞ்சுகள் சிறகுக்கடியிலிருந்து வெளியே வந்தன. மழையில் வந்தன. அம்மணி எழுந்து நின்று கூப்பிட்டது. குஞ்சுகள் நடுவில் நின்றன. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். அம்மணி கூப்பிட்டால் திரும்பின, சுகந்தி கூப்பிட்டால் இந்தப் பக்கம் ஓடின. முட்டையிலிருந்து வந்து நாலு நாள் ஆன குஞ்சுக்கு இறகு கிடையாது, பஞ்சு மட்டும்தான். நனைந்ததும் பாதியாகிவிட்டன.

பதிவில் கடைசி வரி இன்னும் வரவில்லை. சொல்லோணும், என்ன, என்பது. அது வரட்டும் என்று இருந்தேன். வந்தது. பிறகு மறுபடி முதலிலிருந்து ஓடியது. திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்திருக்கிறேன்.

நிறுத்தினேன்.

ஜூன் 7

ஜன்னலுக்குக் கீழே ஒன்று கிடந்தது. சுவரோடு ஒட்டி. கையில் எடுத்தால் எடையே இல்லை. ஹியரிங் எய்டில் போடுகிற பாட்டரி அளவுதான் கண்.

அம்மணி புல் நடுவில் நின்றது. மற்ற எட்டும் அதன் பின்னால். நான் வெளியே வந்தும் ஓடவில்லை. க்யோ, க்யோ என்றது. நிறுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டது. மறுபடி கூப்பிட்டது. அந்த வரிசையின் கடைசியில் மூச்சு வாங்கவில்லை. அதைத் தவிர எல்லாம் ஒன்றுதான்.

மெடெய்ரோஸ் அம்மா மாடிப்படியில் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே இறங்கி வந்து மண்வெட்டி கொடுத்தார். நான் புதருக்குப் பக்கத்தில் குழி தோண்டினேன். சின்னக் குழி போதும், பெரிதாகத் தோண்டிவிட்டேன். அவர் மண்ணைத் தள்ளி மூடினார்.

"போன வாரம் முழுக்க உன் வீட்டில் அவள் பேசுவது எனக்குக் கேட்டது" என்றார். "முதல் நாள் சிலுவை போட்டுக்கொண்டேன். அப்புறம் புரிந்தது."

கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே மேலே போனார். ஆபீஸுக்கு லீவ் சொன்னேன். அம்மணி மத்தியானம் வரைக்கும் அந்த இடத்தில் கூப்பிட்டது.

ஜூன் 8

அத்தைக்கு நானே போன் செய்தேன். இதுவரை அவர்தான் செய்துகொண்டிருந்தார்.

காக்கை ஒரு நாளும் எடுக்கவில்லை என்று சொன்னேன். முதல் நாளிலிருந்தே வான்கோழிதான் தின்றது என்று சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அவ வளத்ததுதானுங்க, தின்னுட்டுப் போகட்டும்" என்றார். பிறகு, "காக்கா எடுத்துச்சான்னு நான் எதுக்குக் கேட்டேன்? சோறு ஆக்குனீங்களான்னு தெரிஞ்சுக்கத்தான். ஆக்குனா ஒரு வாய் நீங்களும் திம்பீங்கல்ல."

குஞ்சு செத்ததைச் சொன்னேன். எப்படி என்று கேட்டார். மழை என்றேன். அப்புறம் மழை மட்டும் இல்லை என்றும் சொன்னேன். சொல்லி முடிக்கிற வரைக்கும் ஊம், ஊம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"தாய்க் கோழி இன்னும் கூப்புடுதுங்ளா?"

"நேத்து மத்தியானத்தோட நிறுத்திருச்சு அத்தை."

"ம்" என்றார். "அதுக்கு இன்னும் எட்டு இருக்குது."

ஜூன் 9

சோறு ஆக்கினேன். ரசம் வைத்தேன், புளி கூடிவிட்டது. மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். வெளியே வைக்கவில்லை.

மூன்று மணிக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்தது. நேற்று போல் இல்லை, இன்று மறுபடி குளிர் மழை என்று செய்தியில் சொன்னார்கள். குஞ்சுகள் பறந்து மரமேற இன்னும் பத்து நாளாவது ஆகும். அதுவரை தரையில், சிறகுக்கடியில்தான்.

சத்தம் வராமல் வைத்தால் போதும் என்று எனக்குத் தெரியும். ஹெட்போன் போட்டால் போதும் என்றும் தெரியும். அது என் தொழில். நேற்று ஹெட்போனில்தான் கேட்டேன். கேட்டுக்கொண்டே ஜன்னலருகே போய் நின்றேன், கை தானாகத் தாழ்ப்பாளைத் திறந்தது. அதுகள் அவளுக்குப் பதில் சொல்வதைக் கேட்க வேண்டும். ஹெட்போனில் பதில் வராது.

பதிவை அத்தைக்கு அனுப்பினேன். மூச்சு வாங்குவதை வெட்டாமல், குக்கர் சத்தத்தோடு, இருந்தபடியே. அங்கே அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். இருந்தாலும் உடனே டிக் இரண்டும் நீலமாயின. அவர் எப்போது தூங்குகிறார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு கூப்பிட்டார். பின்னால் அந்தப் பதிவு ஓடுகிறது. பாருங்க, வருது, வருது. பொள்ளாச்சியில், அந்த வீட்டில். முடிந்ததும் அத்தை, "குக்கரை யாருங்க வெச்சது?" என்றார்.

"நான்தான் அத்தை. பருப்பு."

"அமத்துனீங்ளா?"

"இல்லீங்க அத்தை."

சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம். எந்தக் கருவியாலும் முடியாது. நான் சொன்னேன், இன்னும் பத்து நாளைக்குச் சாயங்காலமானால் போனை அணைத்து வைக்கப்போகிறேன், காலையில் நானே கூப்பிடுகிறேன், பயப்படாதீர்கள் என்று. எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "கூப்புடோணும், என்ன?" என்றார். அதே ‘என்ன’. அதே இடத்தில் இறங்குகிற குரல். இவ்வளவு நாள் எனக்கு அது தெரியவில்லை.

மழை தொடங்கிவிட்டது. அம்மணி ஸ்ப்ரூஸ் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டது. இரண்டு குஞ்சு இன்னும் வெளியே, புல்லில், ஜன்னலைப் பார்த்து நிற்கின்றன. ஆறு மணி ஆகப்போகிறது, அதுகளுக்கும் தெரியும் போல. அம்மணி கூப்பிடுகிறது. அதுகள் நிற்கின்றன. மறுபடி கூப்பிடுகிறது. ஒன்று திரும்பிவிட்டது. இன்னொன்று இங்கேயே பார்க்கிறது.

போனை அணைத்துவிட்டேன்.